பித்தத்தின் மேல் பழி

கடுகு தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு 26 வயது என்றால் வீட்டில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று மாமியார் கேட்பார், மாங்காய் வரும், மசக்கை என்று அதற்கென்றே ஒரு சொல்லும் தயாராக இருக்கும். அதே வாசனை, அதே ஓட்டம், வயது மட்டும் 47 என்றால் கிடைப்பது வேறு. "பித்தமா இருக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி." இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் "கேஸ்." இரண்டு மாதம் ஆகியும் போகவில்லை என்றால் "நிக்கிற வயசுல்ல, அப்படித்தான் இருக்கும்." கேட்பதற்கு மூன்று பதில்கள், உள்ளே இருப்பது ஒரே கருத்து. இந்த வயதுக் குமட்டலைத் துருவிக் கேட்க ஒன்றுமில்லை, பொறுத்துக்கொண்டால் போதும் என்பதுதான் அது. வீட்டுப் பெரியவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. மருந்துக்கடையில் சொல்கிறார்கள், மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிற கிளினிக்குகளில் சொல்கிறார்கள், குமட்டுகிற பெண்ணே தனக்குச் சொல்லிக்கொள்கிறார். இந்தக் கருத்து தவறு. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து.

முதலில், அந்த வயதில் உடம்புக்குள் நடப்பதைப் பற்றியே நமக்கு இருக்கும் படம் பிழையானது. மாதவிடாய் நிற்பது என்றால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கி ஒருநாள் வற்றிவிடுவது என்று நினைக்கிறோம். அப்படி இறங்கினால் இத்தனை தொல்லை இராது. கோடையில் தெருக்குழாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் நிற்பதற்கு முன் ஒரே சீராகக் குறைவதில்லை. இரண்டு நாள் காற்று மட்டும் வரும், மூன்றாம் நாள் குடத்தையே தள்ளிவிடுகிற வேகத்தில் பீறிட்டு வரும், பிறகு மறுபடியும் காற்று. சினைப்பையின் கடைசி ஆண்டுகளும் அப்படித்தான். சில மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் இளம் வயதில் இருந்ததைவிடக்கூட மேலே போகிறது, அடுத்த சுழற்சியில் சரிகிறது. சுழற்சியின் நீளம் மாதத்துக்கு மாதம் 7 நாளோ அதற்கு மேலோ மாறத் தொடங்குவதை முதல் கட்டம் என்றும், 60 நாளுக்கு மேல் இடைவெளி விழுவதை அடுத்த கட்டம் என்றும் மருத்துவம் வகுத்திருக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. மேலை நாடுகளில் அந்தக் கணக்கு சராசரியாக 51 வயதில் முடிகிறது, இந்தியாவில் 46, 47 வயதிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே 42 வயதில் ஒரு பெண் இந்தக் கட்டத்துக்குள் நுழைந்திருந்தால் அதில் வியப்பில்லை. அவருக்கு அது தெரிந்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கும் வயிற்றுப் புரட்டலுக்கும் தொடர்பு உண்டா? மூளையின் அடிப்பகுதியில், இரத்தத்தில் கலந்து வருவதை நேரடியாகச் சோதிக்கிற ஒரு சிறு இடம் இருக்கிறது. மூளையின் மற்றப் பகுதிகளை இரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு அங்கே இல்லை. நஞ்சோ மருந்தோ வந்தால் முதலில் மோப்பம் பிடித்து வாந்திக்கு ஆணையிடுவது அதுதான். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் பல பெண்களுக்கு வயிற்றைப் புரட்டுவதும், மெனோபாஸுக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு ஆரம்பத்தில் குமட்டுவதும் எல்லா மருத்துவரும் அறிந்தவை, மாத்திரை அட்டையோடு வரும் தாளிலேயே அச்சாகியிருப்பவை. வெளியிலிருந்து வருகிற ஈஸ்ட்ரோஜன் குமட்டலைத் தரும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், உடம்பே எகிறவும் சரியவும் விடுகிற ஈஸ்ட்ரோஜன் தரும் என்றால் மட்டும் தயங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

சொல்கிறார்கள். மெனோபாஸ் அறிகுறிகளின் பட்டியலில் குமட்டல் இல்லை என்கிறார்கள். உண்மைதான். அமெரிக்க மருத்துவர் குப்பர்மன் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் 11 அறிகுறிகள்; உடல் தகிப்பு, தூக்கமின்மை, தலைவலி, படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் உண்டு, தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வுகூட உண்டு, குமட்டல் இல்லை. பின்னர் வந்த கிரீன் அளவுகோலின் 21 கேள்விகளிலும் இல்லை, இன்று பரவலாகப் பயன்படும் எம்.ஆர்.எஸ் பட்டியலின் 11 கேள்விகளிலும் இல்லை. ஆனால் குப்பர்மனின் பட்டியல் எதற்காக உருவானது என்று பார்க்க வேண்டும். அன்றைக்குக் கையிலிருந்த ஈஸ்ட்ரோஜன் மருந்துகளில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிடுவதற்காக உருவானது. ஈஸ்ட்ரோஜனே குமட்டலை வரவழைக்கும் மருந்து என்பதால், அதை அளக்கும் கோலில் குமட்டலுக்கு இடம் கிடைக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் பதிவாகாது. அதே சமயம் இந்த மறுப்பை நான் முழுதாகத் தள்ளிவிடவும் மாட்டேன், ஏனென்றால் அது என் வாதத்துக்கே உதவுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றை "நிக்கிற வயசு" என்ற ஒரே சொல்லால் மூடிவிட யாருக்கும் உரிமை இல்லை. எந்த வழியாக அது குமட்டலாகிறது என்று சொல்லியாக வேண்டும்.

வழிகளில் பெரியது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் என்றால் தலையைப் பிளக்கும் வலி என்று மட்டுமே நாம் புரிந்துவைத்திருக்கிறோம். ஆனால் அந்நோயை அடையாளம் காணும் சர்வதேச வரையறையிலேயே குமட்டல் ஓர் அங்கம். பலருக்கு வலியைவிடக் குமட்டல்தான் பெரிய வேதனை. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிகிற நாட்களில் மைக்ரேன் கிளம்புவது தெரிந்த விஷயம். சரிவுகள் தாறுமாறாகும் இந்த ஆண்டுகளில் அது அடிக்கடி வருகிறது. மைக்ரேன் உள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் தலைவலி வருவதற்கான வாய்ப்பு, மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களைவிட இந்தக் கட்டத்தில் இருந்தவர்களுக்குச் சுமார் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் ஊர் வழக்கங்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விரதம், பிரதோஷ விரதம், எல்லோரும் சாப்பிட்ட பிறகே தட்டில் சோறு போட்டுக்கொள்வது, வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி. பட்டினியும் தூக்கக் குறைவும் மைக்ரேனைக் கிளப்பிவிடும். இரவில் மூன்று முறை உடம்பு கொதித்து, நைட்டி நனைந்து எழுந்த பெண், காலையில் நெற்றி கனக்க வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்கும்போது குமட்டினால் அதைப் பித்தம் என்கிறோம். மைக்ரேனுக்கு மருந்து இருக்கிறது, வராமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது. பித்தம் என்று பெயர் வைத்த நிமிடத்தில் அவை கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன.

அடுத்தது, யாரும் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி. மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, குமட்டுகிறது, வயது 45. கர்ப்பமாக இருக்கலாமே? "என்ன, விசேஷமா?" என்று இந்த வயதுப் பெண்ணிடம் யாராவது கேட்டால் அது கிண்டல்தான். கிண்டலுக்குப் பயந்தே குமட்டலை மறைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளின் தாய் கர்ப்பமாவதை வைத்து 2022-ல் 'வீட்ல விசேஷம்' என்று ஒரு படமே வந்தது; ஊர்வசி அந்தத் தாயாக நடித்தார். படத்தில் வருகிற அவமானம் கற்பனையல்ல என்பதால்தான் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. மருத்துவம் இதில் கூச்சப்படுவதில்லை. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் இரண்டு ஆண்டும், 50-க்கு மேல் நின்றால் ஓராண்டும் கருத்தடையைத் தொடரச் சொல்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். கருமுட்டை எந்த மாதம் வரும் என்று கணிக்க முடியாத காலம் இது. சிறுநீரில் பார்க்கும் கார்டு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது, வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எலுமிச்சம்பழம் வாங்கப் போகிற அதே தெருவில்தான் அந்தக் கடையும் இருக்கிறது.

இன்னொரு வழி மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் இரத்தப்போக்கு அதிகமாவது சகஜம், அதனால் இரத்தசோகை, அதற்கு இரும்புச் சத்து மாத்திரை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. ஆக, மாத்திரை தேவைதான். ஆனால் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும். மாத்திரையால் வந்த குமட்டலை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, அந்தக் குமட்டலுக்காகவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிற பெண்களால்தான் அந்த 53 குறையாமல் நிற்கிறதோ என்று சில சமயம் தோன்றுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடம்பு இரும்பை நன்றாகவே உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை மருத்துவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும் இப்படித்தான். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் குமட்டும் என்பதும், மெதுவாகக் கரையும் வகை வேறு உண்டு என்பதும் மாத்திரையோடு சேர்ந்தே வர வேண்டும்.

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்லப்போவது வேறு வகை. பித்தம் என்று சொல்கிறவர்கள் தெரியாமலேயே ஓர் உண்மையைத் தொடுகிறார்கள்: பித்தப்பை. நாற்பதைக் கடந்த பெண்களுக்குப் பித்தப்பைக் கல் ஆண்களைவிட அதிகம் வருகிறது, ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டுவதும் அதற்கு ஒரு காரணம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு குமட்டினால், தேவை எலுமிச்சை இல்லை, வயிற்று ஸ்கேன். அடுத்தது இதயம். மாரடைப்பில் பெண்களுக்கும் முதன்மையான அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் குமட்டல், மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன. அமெரிக்க இதயச் சங்கம் பெண்களின் மாரடைப்பைப் பற்றி மட்டுமே தனி அறிக்கை வெளியிட்டது 2016-ல்தான். அதற்கு முன் எத்தனை பெண்களின் மாரடைப்பு "கேஸ்" என்ற பெயரோடு போயிருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறும்போதோ, காரணமே இல்லாமல் உடம்பு சில்லென்று வியர்த்தோ வருகிற குமட்டலை ஒரு சோடாவால் ஆற்றிவிட முடியாது. அது 108-க்கு அழைக்க வேண்டிய நேரம். வியர்வையைப் பார்த்து, மெனோபாஸ் வியர்வை என்று எண்ணிவிடுகிற வயதும் இதுவே என்பதுதான் கொடுமை. மூன்றாவது, சினைப்பைப் புற்றுநோய். அது சத்தமில்லாமல் வரும் என்று சொல்வார்கள், ஆனால் வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, பசியின்மை என்று அது முனகத்தான் செய்கிறது. இத்தகைய தொல்லை மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஐ.பி.எஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது என்றும் அதே வழிகாட்டுதல் நினைவூட்டுகிறது.

"எல்லாம் சரி, கேஸ் மாத்திரை போட்டால் கேடு என்ன வந்துவிடும்?" என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நடைமுறையில் எல்லோரும் வந்து சேர்கிற இடம் அதுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோபிரசோல், பெரும்பாலும் டோம்பெரிடோன் கலந்தது, சீட்டு கேட்காமலே கடையில் எடுத்துத் தருவார்கள். நெஞ்சு கரித்து, புளித்த ஏப்பம் வந்து குமட்டுகிறவருக்கு நாலு வாரம் அது நல்ல மருந்து. நான் எதிர்ப்பது, காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அதை விழுங்குவதை. அமிலத்தைக் குறைக்கும் இந்த வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரித்தது. பி12 சத்தும் குறையக்கூடும். மெட்ஃபார்மினும் அதையே குறைக்கும். இப்போது காலத்தைக் கவனியுங்கள். பெண்ணின் எலும்பு வேகமாகத் தேயத் தொடங்குவது கடைசி மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பிருந்து. எலும்பைக் காக்க வேண்டிய அதே ஆண்டுகளில், தேவையா என்று யாரும் கேட்காத ஒரு மாத்திரை தினமும் உள்ளே போகிறது. டோம்பெரிடோன் விஷயம் இன்னும் வெளிப்படை. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-ல் அதை ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் மூன்று வேளை, அதிகபட்சம் ஒரு வாரம் என்று கட்டுப்படுத்தியது. நம் வீட்டு அலமாரியில் அது மாதச் சாமான் பட்டியலில் உளுத்தம்பருப்புக்கு அடுத்து இருக்கிறது.

வீட்டு வைத்தியத்தை நான் பழிக்கிறேன் என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. இஞ்சிக்குக் குமட்டலைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. கர்ப்பிணிகளிடம் செய்த சோதனைகள் அதைக் காட்டியிருக்கின்றன, அதன் காரச் சத்து குடலில் வாந்தியைத் தூண்டும் செரோடோனின் கதவுகளை ஓரளவு அடைக்கிறது. இஞ்சி மரப்பா ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிற பெண் செய்வது முழுக்க அறிவுள்ள காரியம். எழுந்ததும் காபிக்கு முன் இரண்டு வாய் எதையாவது சாப்பிடுவது, மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சிறிய வேளையாக்குவது, தாளிக்கும்போது ஜன்னலைத் திறப்பது அல்லது தாளிப்பதை வேறொருவர் கையில் கொடுப்பது, இவையெல்லாம் உதவும். (கடைசியாகச் சொன்னது பல வீடுகளில் இஞ்சியைவிட அரிதான பொருள் என்பதை அறிவேன்.) ஆனால் தணிப்பது ஒன்று, காரணம் காண்பது வேறொன்று. சித்த மருத்துவத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தம் என்று சொல்வதற்கு முன் சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், நாக்கு, நிறம், குரல், விழி, மலம், நீர் என்று எட்டு வகையில் சோதிப்பார். அந்த எட்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல் பித்தம் என்று தீர்ப்பு எழுதுவது சித்த மருத்துவத்துக்கும் செய்கிற அநியாயம்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. இயற்கையாக நடப்பதை நோயாக்கி விற்கப் பார்க்கிறது மருந்து வணிகம். நம் பாட்டிகள் எல்லாம் எதையும் விழுங்காமல் கடந்துவரவில்லையா என்கிறார்கள். வணிகம் பற்றிய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 45 வயதுக்கு மேல் அறிகுறிகளோடு வரும் பெண்ணுக்கு ஹார்மோன் இரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை என்று நைஸ் வழிகாட்டுதல் சொன்ன பிறகும், ஆய்வகங்கள் "மெனோபாஸ் பேக்கேஜ்" விற்கின்றன. இன்று ஏறி நாளை இறங்கும் எண்ணை ஒருநாள் அளந்து என்ன பயன்? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று அறுவை சிகிச்சைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. ஹார்மோன் சுரப்பது கர்ப்பப்பையில் இல்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஆனால் பாட்டி கடந்துவந்தார் என்பதற்கு நம்மிடம் உள்ள ஆதாரம், அவர் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டுமே. சொல்ல அவரிடம் யார் கேட்டார்கள்? மேலும், இன்றைய பெண் ஏற்கெனவே மருந்துக்குள்தான் இருக்கிறார், கேஸ் மாத்திரை என்ற பெயரில். தவறான மருந்தை நிறுத்தச் சொல்வது நோயாக்குவது ஆகாது. ஹார்மோன் சிகிச்சை குறித்த அச்சமும் பெருமளவு 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வின் தலைப்புச் செய்திகளிலிருந்து வந்தது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள் இருந்து, கடுமையான தகிப்பால் தூக்கம் கெட்டு அவதிப்படுகிற, மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டி வரலாறோ இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. மாத்திரையாக எடுத்துக் குமட்டினால், தோலில் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ மாற்றிப் பார்க்கலாம். இது எல்லோருக்கும் வேண்டியதில்லை. வேண்டுமா என்று பேசுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு.

அந்தப் பேச்சுக்குக் கையில் எடுத்துப்போக ஒன்று வேண்டும், அது அடுக்களைச் சுவரிலேயே தொங்குகிறது. பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரில், குமட்டிய நாளில் "கு", மாதவிடாய் வந்த நாளில் ஒரு வட்டம், தலை வலித்த நாளில் "த". பக்கத்தில் மணி, அதற்கு முன் சாப்பிட்டது என்ன, விழுங்கிய மாத்திரை எது. மூன்று மாதம் போதும். வட்டத்துக்கு முந்தைய நாலைந்து நாட்களில் "கு"வும் "த"வும் சேர்ந்தே வந்தால் மைக்ரேன் என்று சந்தேகிக்கலாம். மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மாத்திரையை விசாரிக்கலாம். விருந்துக்குப் போய்வந்த இரவுகளிலேயே வந்தால் ஸ்கேன் எடுக்கலாம். வட்டமே இல்லாமல் "கு" மட்டும் வரிசையாக நின்றால் கார்டு வாங்கலாம். எடை குறைந்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். மற்றவர்கள் அந்தத் தாள்களைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். "எத்தனை நாளா இருக்கு?" என்று மருத்துவர் கேட்டால், "கொஞ்ச நாளா" என்று இழுக்காமல் மேசை மேல் விரித்து வைக்கலாம்.